துப்பறிவாளர் தொடர் நாவல்களும் வாசகர்களும்

துப்பறிவாளர் தொடர் நாவல் என்பது ஒரே துப்பறிவாளர் வெவ்வேறு வழக்குகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் நாவல்களின் வரிசை. ஒவ்வொரு நாவலும் தனிக்கதையாக இருக்கும். குற்றமும் குற்றவாளியும் ஊரும் மாறும்; துப்பறிபவரும் அவருடைய உதவியாளரும் மாறுவதில்லை. தமிழில் துப்பறியும் கதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோர் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட பாத்திரங்கள்.

இத்தொடர்களின் வரலாறு எழுத்தாளர்களின் வரலாறு மட்டுமன்று. கடிதம் எழுதியும், கேள்வி கேட்டும், குறை சொல்லியும் தொடரை நடத்திச் சென்றவர்கள் வாசகர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பெரம்பலூர், அரியலூர் போன்ற சிறிய ஊர்களில் இருந்தவர்கள். அரியலூர் மாவட்டத்தில் பின்னாளில் நடந்த சிலைத் திருட்டு வழக்கு ஒன்று, இந்நாவல்களில் வரும் துப்பறிதலையும் உண்மையான துப்பறிதலையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.

தோற்றம்

தமிழின் முதல் துப்பறியும் நூலாகப் பொதுவாகக் கருதப்படுவது பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 1894-இல் வெளியிட்ட தானவன் கதை. தானவன் போலீஸ் அதிகாரி. தனியார் துப்பறிவாளர் அல்லர். அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி ஏராளமாக எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். திகம்பர சாமியார் கதை 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில், எம். என். நம்பியார் பல வேடங்களில் நடிக்கத் திரைப்படமாக வந்தது.

1940-களில் தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு இவ்வகைக்கு நேர் எதிரானது. சாம்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், அறிவாளி அல்லன். அவன் தவறுதலாகச் செய்யும் காரியங்களால் குற்றவாளிகள் பிடிபடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனை மேதை என்று நம்புகிறார். கேலி செய்யும் அளவுக்குத் துப்பறியும் கதையின் இலக்கணம் அப்போதே தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமாகியிருந்தது என்பதற்குச் சாம்புவின் வெற்றியே சான்று.

சங்கர்லால்

கல்கண்டு வார இதழின் ஆசிரியராக இருந்த தமிழ்வாணன் (1926–1977) உருவாக்கிய சங்கர்லால், தமிழில் நீண்ட காலம் நீடித்த தனியார் துப்பறிவாளர்களுள் ஒருவர். அவருடைய மனைவி இந்திரா, வீட்டு வேலையாள் மாது, உதவியாளர்கள் கத்தரி, மாணிக்கம், போலீஸ் தரப்பில் வகாப் என ஒரு நிலையான குழு அவரைச் சூழ்ந்திருக்கும். கதை எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் சங்கர்லால் நிதானமாகத் தேநீர் அருந்துவார். இந்தப் பழக்கத்துக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கும் வாசகர்கள் உண்டு.

சங்கர்லால் வெளிநாடுகளுக்கும் சென்றார். விமானப் பயணம் அரிதாக இருந்த காலத்தில், அயல்நாட்டு நகரங்களின் தெருக்களையும் விடுதிகளையும் தமிழ் வாசகர்கள் இந்நாவல்களின் வழியே அறிந்தனர். தமிழ்வாணன் தம்மையே துப்பறிபவராக வைத்தும் நாவல்கள் எழுதினார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளங்களாக இருந்தன. எழுத்தாளரும் பாத்திரமும் வாசகர் மனத்தில் ஏறக்குறைய ஒன்றாயினர்.

கணேஷ், வசந்த்

சுஜாதா (1935–2008) 1968-இல் குமுதத்தில் எழுதிய நைலான் கயிறு தொடர்கதையில் கணேஷ் அறிமுகமானார். வசந்த் பிறகு வந்து சேர்ந்தார். இருவரும் வழக்கறிஞர்கள், துப்பறியும் நிறுவனம் நடத்துபவர்கள் அல்லர். ஆயினும் வாசகர்கள் அவர்களைத் துப்பறிவாளர்களாகவே கருதினர். கணேஷ் நிதானமும் தர்க்கமும் உடையவர். வசந்த் துடுக்கானவர், நகைச்சுவை சொல்பவர். காயத்ரி (1977), ப்ரியா (1978) ஆகிய கதைகள் திரைப்படங்களாயின. ப்ரியாவில் கணேஷாக ரஜினிகாந்த் நடித்தார்.

இணைத் துப்பறிவாளர்கள்

1980-களில் மாத நாவல்கள் பெருகியபோது ஆணும் பெண்ணும் சேர்ந்து துப்பறியும் இணைகள் வந்தன. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் 'மூன்லைட்' என்ற துப்பறியும் நிறுவனத்தை நடத்துபவர்கள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து சுபா என்ற பெயரில் எழுதிய கதைகளில், ராம்தாஸ் தலைமையிலான 'ஈகிள்ஸ் ஐ' நிறுவனத்தில் நரேந்திரனும் வைஜயந்தியும் பணிபுரிகிறார்கள். இதே காலத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் விவேக்–ரூபலா இணையை எழுதினார். விவேக் அரசுத் தரப்பு அதிகாரி என்பதால் தனியார் துப்பறிவாளர் வரிசையில் சேரமாட்டார்.

தொடரின் அமைப்பு

இத்தொடர்கள் பெரும்பாலும் ஒரே சட்டகத்தில் அமைந்தவை. முதல் அத்தியாயத்தில் ஒரு குற்றம் நிகழும், அல்லது நிகழப்போவதாகத் தெரியும். இரண்டாவது அத்தியாயத்தில் துப்பறிவாளர் தம் வழக்கமான சூழலில் தோன்றுவார். பிறகு இரண்டு இழைகளும் மாறி மாறிச் சென்று இறுதியில் சந்திக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேள்வியில் முடியும்.

உதவியாளர் இங்கே இன்றியமையாதவர். துப்பறிவாளரின் மனத்தில் ஓடுவதை வாசகருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஹோம்ஸுக்கு வாட்சன் செய்த அதே வேலையைக் கணேஷுக்கு வசந்தும் பரத்துக்குச் சுசீலாவும் செய்கிறார்கள். வாசகர் கேட்க நினைக்கும் கேள்வியை உதவியாளர் கேட்டுவிடுவார்.

இன்னொரு கூறு வயது. தமிழ்த் துப்பறிவாளர்களுக்குப் பொதுவாக வயதாவதில்லை. வங்காளத்தில் சரதிந்து பந்த்யோபாத்யாய் 1932-இல் தொடங்கிய வ்யோம்கேஷ் பக்ஷி தொடரில் நாயகனுக்குத் திருமணமாகிறது, குழந்தை பிறக்கிறது, வயதும் கூடுகிறது. பரத்தும் சுசீலாவுமோ பல ஆண்டுகள் இளைஞர்களாகவே இருந்தனர். பள்ளி நாள்களில் அவர்களைப் படிக்கத் தொடங்கியவர்கள் வேலைக்குச் சென்று, குடும்பம் அமைத்து, அவர்களைவிட மூத்தவர்களாகிவிட்டனர்.

சட்டமும் தனியார் துப்பறிவாளரும்

நாவல்களில் வரும் தனியார் துப்பறிவாளர் கொலை நடந்த இடத்தைச் சோதிக்கிறார், சாட்சிகளை விசாரிக்கிறார், குற்றவாளியை மடக்குகிறார். இந்தியச் சட்டத்தில் அவருக்கு அத்தகைய தனி அதிகாரம் ஏதும் இல்லை. தனியார் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்தும் மசோதா 2007-இல் மாநிலங்களவையில் அறிமுகமானது, அது சட்டமாகவில்லை. தம் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைப் பிடித்துப் போலீஸிடம் ஒப்படைக்க எந்தக் குடிமகனுக்கும் சட்டம் இடம் தருகிறது. துப்பறிவாளருக்கு இருப்பதும் அந்த உரிமை மட்டுமே.

எனவே நடைமுறையில் தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்குக் கொலை வழக்குகள் வருவது அரிது. திருமணத்துக்கு முன் மணமகன், மணமகள் பற்றி விசாரிப்பது, வேலைக்குச் சேர்பவரின் பின்னணியைச் சரிபார்ப்பது, காப்பீட்டு மோசடிகளைக் கண்டறிவது போன்றவையே பெரும்பாலான பணிகள்.

எழுத்தாளர்கள் இச்சிக்கலை ஒரு பாத்திரத்தைக் கொண்டு கடந்தனர். சாம்புவுக்குக் கோபாலன், சங்கர்லாலுக்கு வகாப் என ஒவ்வொரு தொடரிலும் ஒரு நட்பான போலீஸ் அதிகாரி உண்டு. அவர் இல்லாவிட்டால் துப்பறிவாளர் பிணத்தின் அருகில்கூடச் செல்ல முடியாது. சுஜாதா தம் நாயகர்களை வழக்கறிஞர்களாக்கியதில் இவ்வசதியும் இருந்தது. கட்சிக்காரருக்காக விசாரிப்பதும், போலீஸ் நிலையத்துக்குச் செல்வதும், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்வதும் வழக்கறிஞரின் இயல்பான வேலைகள்.

பெரம்பலூரும் அரியலூரும்

மாத நாவல்களின் காலமான 1980-களில் பெரம்பலூரும் அரியலூரும் ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களாக இருந்தன. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிக்கப்பட்டு, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையான தனி மாவட்டமாயிற்று.

அரியலூர் விழுப்புரம்–திருச்சி தொடர்வண்டிப் பாதையில் உள்ள நிலையம். பெரம்பலூர் நகருக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை; அது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய பேருந்து ஊர். மாத நாவல்கள் பயணத்தை நம்பி விற்றவை என்பதால் இவ்வேறுபாடு கருதத்தக்கது. தொடர்வண்டிப் பாதையில் உள்ள ஊர்களில் நிலையத்துப் புத்தகக் கடைகளும், மற்ற ஊர்களில் பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளும் விற்பனை இடங்களாக இருந்தன. செய்தித்தாள் முகவர்கள் வழியாக வந்த நாவல்கள் கடை முகப்பில் கயிற்றில் தொங்கவிடப்பட்டன. மலிவுத் தாள், பளபளப்பான அட்டை, சில ரூபாய் விலை, ஒரு பேருந்துப் பயணத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவு ஆகியவை அவற்றின் இயல்புகள்.

ஒரு பிரதியை ஒருவர் மட்டும் படிப்பதில்லை. வீட்டில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எடுப்பார். பிறகு அண்டை வீட்டுக்குச் செல்லும். நாள் வாடகைக்குப் புத்தகம் தரும் கடைகளும் சிறிய ஊர்களில் இருந்தன. பல கைகள் மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல் வரும் பிரதிகளும் உண்டு. துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கம் கிழிந்திருப்பது என்ன தொல்லை என்பதை அக்கால வாசகர்கள் நன்கறிவர்.

எழுத்தாளர்களும் தொலைவில் உள்ளவர்கள் அல்லர். சுஜாதா வளர்ந்த ஸ்ரீரங்கம், தேவன் பிறந்த திருவிடைமருதூர், வடுவூர், பட்டுக்கோட்டை ஆகிய ஊர்கள் யாவும் கொள்ளிடத்துக்குத் தெற்கே, இவ்விரு மாவட்டங்களையும் அடுத்த காவிரி நிலத்தில் இருப்பவை. கதைகளோ பெரும்பாலும் சென்னையிலோ வெளிநாட்டிலோ நடந்தன. நட்சத்திர விடுதி, கடற்கரைச் சாலை, விமான நிலையம் ஆகியவை நிறைந்த கதைகளைச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் மானாவாரி நிலமும் கொண்ட பகுதியின் வாசகர்கள் படித்தனர். தம் ஊர் கதையில் வராததை அவர்கள் குறையாகக் கொள்ளவில்லை. வேறோர் உலகம் கிடைத்ததே அவர்களுக்கு ஈர்ப்பாக இருந்தது.

வாசகர்களின் எதிர்வினை

தொடர் நாவலின் வாசகர் தம்மைப் பங்காளராகக் கருதுகிறார். இதன் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் ஹோம்ஸை அருவியில் விழுந்து இறக்கச் செய்தபோது வாசகர்கள் கொதித்தனர். அக்கதைகளை வெளியிட்ட ஸ்ட்ராண்ட் இதழின் சந்தாவைப் பலர் நிறுத்தினர். பத்தாண்டுகளுக்குப் பின் 1903-இல் டாயில் ஹோம்ஸை உயிருடன் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் பொய்ரோ 1975-இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி வெளியிட்டது.

தமிழ் வாசகர்களின் எதிர்வினை பெரும்பாலும் அஞ்சலட்டையில் வந்தது. மாத நாவல்களில் எழுத்தாளர் வாசகருக்கு எழுதும் பக்கமும், வாசகர் கடிதங்களும், கேள்வி பதிலும் இடம்பெற்றன. 15 காசு அஞ்சலட்டை வாங்கினால் எந்த ஊரிலிருந்தும் எழுத்தாளரைக் கேள்வி கேட்கலாம். ஒரு சிற்றூர் மாணவரின் பெயர் தமிழ்நாடெங்கும் விற்கும் இதழில் அச்சாவது அன்று பெரிய செய்தி.

கடிதங்கள் மூன்று வகைப்பட்டவை. முதல் வகை பாத்திரங்கள் மீதான உரிமை. வசந்த் அடிக்கடி சொல்லத் தொடங்கும் மெக்ஸிகோ சலவைக்காரி நகைச்சுவையைச் சுஜாதா ஒருபோதும் முடிக்கவிடுவதில்லை. அந்த நகைச்சுவை என்ன என்று வாசகர்கள் பல ஆண்டுகள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தனர். பரத்–சுசீலா கதைகளில் சுசீலாவின் பனியனில் எழுதியிருக்கும் வாசகம் நாவலுக்கு நாவல் எதிர்பார்க்கப்பட்ட ஒன்றாயிற்று. வழக்குக்குத் தொடர்பில்லாத இச்சிறு பழக்கங்களே வாசகரை அடுத்த நாவலுக்கு அழைத்துச் சென்றன.

இரண்டாம் வகை பிழை காட்டுதல். மூன்றாம் அத்தியாயத்தில் பூட்டியிருந்த கதவு ஏழாம் அத்தியாயத்தில் எப்படித் திறந்தது, ஒரு வாகனம் அந்த நேரத்துக்குள் அவ்வளவு தூரம் எப்படிச் சென்றது என்ற கேள்விகள் இவ்வகை. துப்பறியும் நாவல் வாசகரைக் கவனிக்கப் பழக்குகிறது. அந்தக் கவனத்தை வாசகர் எழுத்தாளர் மீதே திருப்பினார்.

மூன்றாம் வகை கண்டனம். அட்டைப்படங்களின் கவர்ச்சி, பெண் பாத்திரங்களின் உடை பற்றிய வர்ணனை, இரட்டை அர்த்த உரையாடல் ஆகியவை குறைகூறப்பட்டன. இணைத் துப்பறிவாளர்களில் பெண் சமமான ஊழியர் என்று சொல்லப்பட்டாலும், பல கதைகளில் ஆபத்தில் சிக்குபவர் அவர், மீட்பவர் ஆண் என்பது நியாயமான குறை. அதே சமயம், இரவில் தனியாக வண்டி ஓட்டிச் சென்று வேவு பார்த்து, அதற்குச் சம்பளம் வாங்கும் பெண்ணை வாரக்கதைகளில் அதிகம் காணாத வாசகியருக்குச் சுசீலாவும் வைஜயந்தியும் புதியவர்களாக இருந்தனர்.

வீடுகளில் இந்நாவல்களுக்கு மதிப்பு இருக்கவில்லை. பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த அனுபவம் அத்தலைமுறையில் பரவலானது. இலக்கிய விமர்சகர்களும் இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினர். ஆனால் பாடநூலைத் தவிர வேறு அச்சுப் பக்கம் நுழையாத வீடுகளில் விரும்பிப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவை இந்நாவல்களே. வாசகர்களில் ஒரு பகுதியினர் இவற்றிலிருந்து தீவிர இலக்கியத்துக்குச் சென்றனர். மற்றவர்கள் செல்லவில்லை, ஆயினும் படிக்கக் கற்றனர்.

ஸ்ரீபுரந்தான் வழக்கு

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பகுதியிலுள்ள ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்த இக்கோயிலின் வெண்கலச் சிலைகள் 2006-இல் திருடப்பட்டன. திருட்டு 2008-இல்தான் வெளியே தெரிந்தது. அதே ஆண்டில் இக்கோயிலின் நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், நியூயார்க்கில் கடை நடத்திய சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இதே கோயிலின் உமா பரமேசுவரி சிலை சிங்கப்பூர் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்திருந்தது.

சங்கர்லால் நாவல்களில் குற்றம் கடல் கடந்து சென்றது கற்பனை. இங்கே அது ஒரு சிற்றூரிலிருந்து உண்மையாகவே சென்றது. ஆனால் அதைக் கண்டுபிடித்த முறையில் துரத்தலோ மாறுவேடமோ இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் சிலைகளை முன்பே படமெடுத்து ஆவணப்படுத்தியிருந்தது. அப்படங்களும் அருங்காட்சியகத்தில் இருந்த சிலையின் படமும் ஒப்பிடப்பட்டன. வார்ப்பில் ஏற்பட்ட சிறு குறைகளும் தேய்மானங்களும் ஒவ்வொரு சிலைக்கும் கைரேகை போன்றவை. சிலையுடன் காட்டப்பட்ட பழைய உரிமை ஆவணங்கள் பொய் என்பது வெளிப்பட்டது. தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, அமெரிக்க விசாரணை அதிகாரிகள், இதழாளர்கள், சிலை ஆர்வலர்கள் எனப் பலருடைய உழைப்பு இதில் உண்டு.

கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். நடராசர் சிலை 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அருகிலுள்ள சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் கபூருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

திருட்டிலிருந்து தீர்ப்பு வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள். நாவலில் இது நூறு பக்கம். நாவல் விட்டுவிடுவது எது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது: காத்திருத்தல், கோப்புகள், ஒரு மேதைக்குப் பதிலாகப் பலரின் உழைப்பு. நாவல் சரியாகச் சொல்வது எது என்பதையும் இதே வழக்கு காட்டுகிறது. குற்றவாளி மறைக்கத் தவறிய ஒரு சிறு அடையாளத்தை யாரோ ஒருவர் உற்றுப் பார்த்தார். அதிலிருந்து எல்லாம் அவிழ்ந்தது. யாரும் பார்க்காமல் விட்ட இரண்டு ஆண்டுகளில்தான் சிலைகள் கடல் கடந்தன.

இன்றைய நிலை

1990-களில் தனியார் தொலைக்காட்சிகளும் பின்னர் கைப்பேசியும் வந்தபின் மாத நாவல்களின் விற்பனை குறைந்தது. சுபா போன்ற எழுத்தாளர்கள் திரைக்கதைக்குச் சென்றனர். 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் கே. சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜன நாவல்களின் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டபோது இவ்வெழுத்துகளுக்குத் தமிழுக்கு வெளியே கவனம் கிடைத்தது. சங்கர்லால், கணேஷ்–வசந்த் நாவல்கள் மறுபதிப்புகளாகவும் மின்னூல்களாகவும் கிடைக்கின்றன. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில், மறைத்து வைத்துப் படித்த தலைமுறையினர் இப்போது அவற்றை வெளிப்படையாக வாங்கலாம்.

இத்தொடர்களில் வழக்குகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. கொலையாளி யார் என்பது பல வாசகர்களுக்கு நினைவிராது. சங்கர்லாலின் தேநீர், வசந்தின் முடியாத நகைச்சுவை, சுசீலாவின் பனியன் வாசகம் ஆகியவை நினைவிருக்கும். அடுத்த மாதமும் அதே ஆள் வருவார், இம்முறையும் உண்மையைக் கண்டுபிடிப்பார் என்ற நம்பிக்கையே தொடரின் அடிப்படை. நடைமுறையில் பெரும்பாலும் தாமதமாகவே கிடைக்கும் அந்த உறுதியை வாசகர்கள் மாதந்தோறும் சில ரூபாய்க்குப் பெற்றுவந்தனர்.